உனக்கு எதுக்குச் சிரமம்

அவங்க பேரை எழுதப் போறதில்லை. எழுதினா, "உனக்கு எதுக்கும்மா இந்தச் சிரமம்?"னு எங்கிருந்தாவது கேட்டுடுவாங்களோன்னு இருக்கு. அந்தமான்ல, லம்பா லைன்ங்கிற இடத்துல, எங்க வரிசைக்கு அவங்க டெலிபோன் அக்கா. அது போதும்.

கல்யாணமாகி, தேவகோட்டைப் பக்கத்துலருந்து கிளம்பி, கப்பல்ல நாலு நாள் வாந்தியெடுத்து, போர்ட் பிளேர்ல வந்து இறங்கினப்ப எனக்கு இருபது வயசு. எழுபதுகளோட ஆரம்பம். வீட்டுக்காரர் பொதுப்பணித்துறையில ஓவர்சியர். பலகைச் சுவரு, தகரக் கூரை, ஒரே வரிசையில ஆறு வீடு. எங்களுக்கு ஒரு பக்கம் பெங்காலிக் குடும்பம், இன்னொரு பக்கம் அக்கா, தனியா. பலகைச் சுவர்ங்கிறதால அவங்க அந்தப் பக்கம் தும்மினா நான் இந்தப் பக்கம் நூறு சொல்லலாம். அப்படி ஒட்டி இருந்தும் மூணு மாசத்துல ஒரு கரண்டி சர்க்கரை கேட்டு அவங்க என் வாசலுக்கு வரலை. நான் நாலு தடவை போய் காப்பித்தூள் வாங்கிட்டு வந்தாச்சு. எனக்கு ஒரே எரிச்சல். இரவல் கேக்காதவ என்ன பக்கத்து வீட்டுக்காரி? ராங்கி பிடிச்சவன்னு முடிவு கட்டிட்டேன்.

ராங்கி இல்லைன்னு குழாயடியில தெரிஞ்சது. தண்ணி ஒரு மணி நேரம்தான் வரும். ஆறு வீட்டுக்காரிகளும் மூணு பாஷையில அடிச்சுக்குவோம். அவங்க எல்லாரும் பிடிச்சு முடிச்சதும் வந்து, நூலா வடியற தண்ணியில குடத்தை வச்சுட்டு நிப்பாங்க. நாப்பது வயசு இருக்கும். ஒல்லி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வேலைக்குப் போற நாள்னா இஸ்திரி போட்ட காட்டன் புடவை, இறுக்கின கொண்டை. என் குடத்துலருந்து பாதி ஊத்தறேன்னு சொன்னேன். "வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்"னாங்க. இந்த ஒரு வாக்கியத்தை அப்புறம் ஆறேழு வருஷம் கேட்டிருக்கேன். காய்ச்சலுக்குக் கஞ்சி கொண்டு போனாலும் அதுதான், மழையில குடை நீட்டினாலும் அதுதான்.

அவங்களுக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. அப்பா காலமானதும் வேலைக்கு வந்தவங்க. மெட்ராஸ்ல டிரெயினிங், அப்புறம் இங்கே போஸ்டிங். யாரும் வர மாட்டேன்னு சொன்ன இடத்துக்கு, மத்தவங்களுக்கு எதுக்குச் சிரமம்னு இவங்க கையெழுத்துப் போட்டிருப்பாங்க, வேற என்ன. ஊர்ல வயசான அம்மா, ஒரு அண்ணன். மெயின்லேண்டுக்குக் கப்பல் கிளம்பற அன்னைக்கெல்லாம் அம்மாவுக்கு ஒரு கடிதாசி போகும். கப்பல் வர்ற அன்னைக்கு அம்மாகிட்டருந்து ஒண்ணு வரும். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, யாரையாவது பிடிச்சு எழுத வைக்கும். கடிதாசி வந்த அன்னைக்கு மட்டும் பலகைக்கு அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் கேக்கும்.

அவங்க வீட்டுக்கதவுக்கு உள்தாழ் போட மாட்டாங்க. தனியா இருக்கிற பொம்பளை கதவைச் சாத்தி மட்டும் வச்சுட்டுத் தூங்கினா ஊர் என்ன பேசும்? பேசிச்சு. நான் ஓட்டைவாய், நேராவே கேட்டுட்டேன். அவங்க கோவிச்சுக்கலை.

"நான் அப்பப்ப விழுந்துருவேம்மா. தாழ் போட்டிருந்தா கதவை ஒடைக்கணும். ஒடைச்சா உன் வீட்டுக்காரர்தான வந்து புதுக் கதவு போடணும்? அவருக்கு எதுக்குச் சிரமம்?"

சொன்ன மாதிரியே விழுந்தாங்க. நின்னுட்டே இருப்பாங்க, முகம் வெளுக்கும், அடுத்த நொடி தரையில. கொஞ்ச நேரத்துல முழிச்சு, புடவையைத் தட்டிட்டு எழுந்து, "கால் தடுக்கிட்டு"ன்னு சொல்லிட்டுப் போவாங்க. சமமான சிமிண்டுத் தரையில என்ன தடுக்கும்? கைப்பையில ஒரு சீட்டு வச்சிருந்தாங்க. தமிழ்லயும் இந்தியிலயும் எழுதினது: "நான் விழுந்தால் பயப்பட வேண்டாம். யாரும் தூக்க வேண்டாம். நானே எழுந்துகொள்வேன்."

எங்க வரிசையில எல்லாரும் அதை வலிப்புன்னுதான் நினைச்சோம். பெங்காலி அம்மா "மிர்கி, மிர்கி"ன்னு கத்திட்டு ஓடி வந்து சாவிக்கொத்தைக் கையில திணிக்கும். இரும்பைப் பிடிச்சா வலிப்பு நிக்கும்னு அவங்க ஊர்லயும் அதே வைத்தியம், நம்ம ஊர்லயும் அதே வைத்தியம். கை காலை வெட்டி இழுக்கலையே, நுரை தள்ளலையேன்னு ஒருத்திக்கும் தோணலை. எனக்கும்தான் தோணலை. அவங்க முழிச்சதும் முதல் வேலையா கையில இருக்கிற சாவியைப் பாத்து, "இது யாரு சாவி? வீட்டைத் திறக்க முடியாம நிக்கப் போறாங்க"ன்னு ஆளைத் தேடுவாங்க. எங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிச்சிருக்கோம், இப்ப நினைச்சா வெக்கமா இருக்கு.

இனி சொல்லப் போறது என் வாய் பண்ணின வேலை.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் குழாயடியில விழுந்தாங்க. வழக்கமா நூறு எண்ணறதுக்குள்ள முழிக்கிறவங்க அன்னைக்கு முழிக்கலை. முகம் சாம்பலாப் போச்சு. மூக்குல விரல் வச்சேன், ஒண்ணும் தெரியலை. மணிக்கட்டைப் பிடிச்சேன், அங்கேயும் ஒண்ணும் இல்லை. "அக்கா போயிட்டாங்க"ன்னு சொன்னேன். சொன்னது நான்தான், வேற யாரும் இல்லை.

தீவுல ஒரு வழக்கம் உண்டு. சாவுன்னா முதல்ல தந்தி, அப்புறம்தான் அழுகை. மெட்ராஸுக்கு வயர்லெஸ் லைன் ஞாயித்துக்கிழமைல கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். அதை விட்டா மறுநாள், மழையடிச்சா அதுவும் இல்லை. கப்பல்ல ஆள் வந்து சேர்ற வரைக்கும் பொணம் தாங்காது, தகவலாவது நேரத்துக்குப் போகணும்னு எல்லாரும் பறப்பாங்க. என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே சைக்கிளை எடுத்தார். அவர் சரிவுல இறங்கி மறைஞ்ச பிறகு அக்கா கண்ணைத் திறந்தாங்க. நான் ரோடு வரைக்கும் கத்திக்கிட்டு ஓடினேன். சைக்கிள் போயிடுச்சு. தந்தி ஆபீஸ்ல இருந்தவங்க அக்காகூட வேலை பாக்கறவங்க. அழுதுக்கிட்டே மத்த தந்தியெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு, இதை முதல்ல அனுப்பினாங்களாம்.

மறுநாள் லைன் கிடைக்கலை, அப்படி மழை. அதுக்கு மறுநாள்தான் "உயிரோடு இருக்கிறார், தவறுக்கு மன்னிக்கவும்"னு ரெண்டாவது தந்தி போச்சு. அடுத்த கப்பல்ல அண்ணன்கிட்டருந்து கடிதாசி வந்தது. அக்கா படிச்சுட்டு என்கிட்ட நீட்டினாங்க. அவர் கெட்ட மனுஷனா எழுதலை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்தாமை. முதல் தந்தி வந்ததும் அம்மா மயங்கி விழுந்து ரெண்டு நாள் பேச்சு மூச்சில்லாம கிடந்திருக்கு. ரெண்டாவது தந்தி வந்தப்ப, நல்ல சேதியோ கெட்ட சேதியோ எதையும் திடீர்னு சொல்லாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். "உனக்கோ விழுகிற நோய். இன்றைக்கு உயிரோடிருக்கிறாய் என்று சொல்லி, நாளைக்கு மறுபடியும் ஒரு தந்தி வந்தால் அம்மா தாங்கமாட்டாள். அவள் ஒரு தடவை அழுது முடித்துவிட்டாள். அப்படியே இருக்கட்டும். கோபிக்காதே. இனி வீட்டுக்குக் கடிதம் போடாதே."

"நாசமாப் போக"ன்னு நான் ஆரம்பிச்சேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"அண்ணன் சொல்லுததும் சரிதான். எத்தனை தடவைதான் அம்மா அழுவா? நம்மளால ஏன் அவளுக்கு."

அந்த வாக்கியத்தைக்கூட முழுசா முடிக்கலை. அதுக்கப்புறம் கப்பல் கிளம்பற நாள்ல அவங்க பண்ண வேலை எதுவும் இல்லாம வாசப்படியில உக்காந்திருப்பாங்க. ஹேடோ துறைமுகத்துலருந்து கப்பல் சங்கு ஊதும். பலகைக்கு அந்தப் பக்கம் பாட்டு நின்னு போச்சு.

வலிப்பு இல்லைன்னு கண்டுபிடிச்சவர் ஒரு மலையாளி டாக்டர். மாத்தலாகி வந்த புதுசு. ஊருக்கு ட்ரங்க் கால் போட எக்ஸ்சேஞ்சுக்கு வந்த இடத்துல, கவுண்டருக்கு அந்தப் பக்கம் அக்கா சரிஞ்சாங்க. அவர் தாண்டிக் குதிச்சுப் போய் நாடியைப் பிடிச்சிருக்கார். விரலுக்கு அடியில நாடி நின்னிருக்கு. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா திரும்பியிருக்கு. ஈசிஜி எடுத்து, என்னையும் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு விளக்கினார். இதயத்துக்கு மேல்மூலையில ஒரு இடம் இருக்காம். ஒவ்வொரு துடிப்பையும் அதுதான் தொடங்கி வைக்கணும். அக்காவுக்கு அந்த இடம் அசந்து போச்சு. சில சமயம் மெதுவாத் தொடங்குது, சில சமயம் கண்டபடி ஓடுது, ஓடி நின்னதும் அடுத்ததைத் தொடங்க மறந்துடுது. மறந்த அந்தச் சில நொடி தலைக்கு ரத்தம் போறதில்லை, ஆள் விழுது. கீழே இருக்கிற வேற ஒரு இடம் பொறுத்துப் பாத்துட்டுத் தானா அடிக்க ஆரம்பிக்கும், அப்ப எழுந்திரிக்கிறாங்க. "ஒரு நாள் அதுவும் அடிக்கலைன்னா?"னு வீட்டுக்காரர் கேட்டார். டாக்டர் ஈசிஜித் தாளை மடிச்சு உறையில போட்டார்.

மருந்து கிடையாது. பெட்டிதான் வைக்கணும்னார். பேஸ்மேக்கர்னு அந்த வார்த்தையை நான் முதல்ல கேட்டது அப்பதான். பேட்டரி போட்ட பெட்டியைத் தோளுக்குக் கீழே தோலுக்குள்ள வச்சு, நரம்பு வழியா ஒரு கம்பியை இதயத்துக்குள்ள இறக்கிடுவாங்க. இதயம் மறக்கிறப்ப அது எடுத்துக் கொடுக்கும். மெட்ராஸ்ல செய்றாங்க. ஆபரேஷனுக்குச் சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்.

அக்கா போக மாட்டேன்னுட்டாங்க. யாரைக் கூட்டிட்டுப் போறது, யார் கையெழுத்துப் போடறது, விடும்மான்னாங்க. நான் அவங்களைக் கேக்கவே இல்லை. வீட்டுக்காரரை விட்டு ரெண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னேன். "நான் எங்க அம்மாவைப் பாக்கப் போறேன். அதே கப்பல்ல நீங்களும் வர்றீங்க, அவ்வளவுதான்"ன்னேன். அம்மாங்கிற வார்த்தையை அவங்க எதிர்ல சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். ஆஸ்பத்திரி பாரத்துல, உறவுமுறைங்கிற இடத்துல தங்கைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சோப்புப் பெட்டி அளவு இருந்தது அது. ரவிக்கைக்கு மேல புடைச்சுக்கிட்டுத் தெரியும். ஆபரேஷனுக்கு மறுநாள் காலையில அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டுத் தன் நாடியைத் தானே எண்ணினாங்க. எழுபது. திரும்பவும் எண்ணினாங்க. எழுபது. "ஒண்ணுகூட விடலைம்மா"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அவங்க பல்லை அன்னைக்குத்தான் முழுசாப் பாத்தேன்.

"இனி விழ மாட்டீங்க. உங்க அண்ணன் பயந்தது முடிஞ்சு போச்சு. அம்மாகிட்ட சொல்லிடுங்க"ன்னேன்.

"பேட்டரி ரெண்டு வருசந்தானாம்மா. கடலைத் தாண்டி இருக்கேன். இது வேலை செய்யுதான்னு மொதல்ல பாப்போம்."

ஆனாலும் கப்பல் ஏறறதுக்கு முந்தின நாள், தபால் ஆபீஸ் வரைக்கும் போகணும்னாங்க. தூத்துக்குடிக்கு ஒரு ட்ரங்க் கால் புக் பண்ணினாங்க. அண்ணனுக்கு உப்பு வியாபாரம், வீட்டு முன்னறைதான் ஆபீஸ், அதனால போன் உண்டு. மத்தியானத்துல அவர் உப்பளத்துக்குப் போயிடுவார்னு இவங்களுக்குத் தெரியும். ரொம்ப நேரம் மணியடிச்சுது. எடுத்த கிழவி போட்ட சத்தத்துல, போன் கூண்டுக்கு வெளியே நின்ன எனக்கே கேட்டுச்சு.

"யாரு பேசுதது? அவன் இல்ல. வெளிய போயிருக்கான்."

அக்கா ரிசீவரை ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தாங்க. வாயைத் திறந்தாங்க. நான் இதோ சொல்லிடப் போறாங்கன்னு நினைச்சேன். அவங்க வாயிலருந்து வந்தது எக்ஸ்சேஞ்ச் குரல்.

"எக்ஸ்சேஞ்சிலிருந்து பேசுகிறோம் அம்மா. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். கேட்கிறதா?"

"நல்லாக் கேக்கு தாயி."

"உடம்பு... உங்களுக்கு நன்றாகக் கேட்கிறதா?"

"கேக்குன்னுதான சொல்லுதேன். எம் மவளும் ஒன்ன மாரி டெலிபோன்லதான் வேல பாத்தா. அந்தமான்ல. போயிட்டா."

நான் கூண்டுக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ரிசீவரைப் பிடுங்கி, உன் மக இங்கேதான் நிக்கிறான்னு கத்தியிருக்கலாம். என் கைக்கு எட்டற தூரம்தான். அக்கா என்னைப் பாத்த பார்வையில என்னால முடியலை.

"சரியம்மா. லைன் நன்றாக இருக்கிறது. வைத்துவிடுகிறேன்."

"இன்னும் பாக்கணும்னா பாரு தாயி. நான் சும்மாத்தான இருக்கேன்."

மூணு நிமிஷம் முடிஞ்சதுன்னு நடுவுல யாரோ சொன்னாங்க, லைன் போயிடுச்சு. அக்கா அடுத்த ஆள் கதவைத் தட்டற வரைக்கும் ரிசீவரைக் காதுலருந்து எடுக்கலை. வெளியே வந்து, "அம்மா கொரல் தெளிவா இருக்கு"ன்னு மட்டும் சொன்னாங்க. நாலு நாள் கப்பல்லயும் நான் அவங்ககூட ஒழுங்காப் பேசலை. எனக்கு அவ்வளவு கோபம். யார் மேலன்னு கேட்டா முதல் ஆள் நான்தான்.

அடுத்த ரெண்டு வருஷம் அவங்க ஒரு தடவைகூட விழலை. தினம் காலையில வாசப்படியில உக்காந்து, கையில வாட்ச்சை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நாடி எண்ணுவாங்க. எழுபது இருந்தா வேலைக்குக் கிளம்புவாங்க. எண்ணிக்கை இறங்கினா பேட்டரி தீருதுன்னு அர்த்தம், அறுபத்தஞ்சுக்கு வந்தா உடனே கிளம்பி வரணும்னு மெட்ராஸ்ல சொல்லியிருந்தாங்க. உடனேன்னா எங்களுக்கு அடுத்த கப்பல். பதினஞ்சு நாளோ, இருபது நாளோ, புயல் வந்தா இன்னும் கூடவோ. நானும் பலகைக்கு இந்தப் பக்கத்துலருந்து "இன்னைக்கு எவ்வளவு?"ன்னு கேப்பேன். "எழுவது"ன்னு பதில் வரும். அதுக்கப்புறம்தான் நான் அடுப்பைப் பத்த வைக்கிறது.

ஒரு நாள் "அறுவத்தாறு"ன்னு வந்தது.

அடுத்த கப்பலை நம்பி மூட்டை கட்டினோம். கடல் சரியில்லைன்னு எட்டு நாள் தள்ளிப் போட்டாங்க. அந்த எட்டு நாளும் அவங்க என்கிட்ட வேற ஒண்ணு சொல்லிட்டே இருந்தாங்க. "இந்தத் தடவ அம்மாகிட்ட சொல்லிருதேம்மா. ரெண்டு வருசம் விழாம இருந்துட்டேன்ல. மொதல்ல அண்ணிகிட்ட சொல்லி, அம்மாவ உக்கார வச்சு, தண்ணி குடிக்க வச்சு, மெதுவாச் சொல்லச் சொல்லணும்." சின்னப் பிள்ளை பரிட்சைக்குப் படிக்கிற மாதிரி அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. மெட்ராஸ்ல போய் இறங்கறப்ப எண்ணிக்கை அறுபத்திரண்டு.

பழைய பெட்டியை எடுத்துட்டுப் புதுசு வச்சாங்க. கம்பியும் பழுதாயிடுச்சுன்னு இந்தத் தடவை வலது பக்கம் மாத்தி வச்சாங்க. தையல்ல தண்ணி படக் கூடாது, அந்தக் கையைத் தூக்கவே கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லி அனுப்பினாங்க. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ஒரு லாட்ஜ்ல ரூம் எடுத்திருந்தோம். ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கே மத்தியானம் அதே தபால் ஆபீஸுக்கு நடந்தோம். வழியெல்லாம் அக்கா உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு.

இந்தத் தடவை போனை எடுத்தது அண்ணி. கத்தற ஆள் இல்லை, அதனால எனக்கு அந்தப் பக்கம் பேசினது கேக்கலை. அக்கா சொன்னது மட்டும் கேட்டுச்சு.

"வீட்ல பெரியம்மா இருக்காங்களா?"

ரிசீவரைக் காதோட இன்னும் அழுத்தினாங்க. "எப்போ?"ன்னாங்க. அதுக்கப்புறம் "எக்ஸ்சேஞ்சிலிருந்து"ன்னாங்க. வச்சுட்டு வெளியே வந்தாங்க.

"எட்டு மாசம் ஆச்சாம்"னாங்க.

எட்டு மாசத்துல ஒரு கார்டு போடலையேன்னு அந்த அண்ணனைத் திட்ட வந்தேன். செத்துப் போனதாவே வச்சுட்ட தங்கச்சிக்கு எந்த விலாசத்துல போடுவார்? அம்மா போனதும் இனி எதைச் சொல்லி என்னன்னு விட்டிருப்பார். லாட்ஜ் வரைக்கும் அக்கா ஒரு சொட்டு கண்ணீர் விடலை. ரோட்டைத் தாண்டறப்ப வழக்கம்போல எனக்கு முன்னால வண்டி பாத்து நடந்தாங்க.

ரூமுக்கு வந்ததும் மாத்துப் புடவையை எடுத்துக் கட்டில் மேல வச்சாங்க. குளியலறைக்குப் போய் வாளியைக் குழாய்க்கு அடியில வச்சுட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுட்டு, நடுவுல முக்காலியைப் போட்டு உக்காந்தாங்க. கொண்டையை இடது கையாலயே அவிழ்த்தாங்க. வலது கையைக் கொஞ்சம் தூக்கிப் பாத்தாங்க, முகம் சுருங்கிச்சு, இறக்கிட்டாங்க. நான் வாசல்ல நின்னுட்டிருந்தேன். உள்ளே போகலாமா கூடாதான்னு தெரியலை. இத்தனை வருஷத்துல அவங்க என்னை எதுக்கும் கூப்பிட்டதில்லை.

"அம்மா போயிட்டா. தலைக்கு ஊத்தணும்"னாங்க. அப்புறம் திரும்பி என்னைப் பாத்தாங்க. "என்னால முடியல. நீ ஊத்தி விடுதியா?"

துண்டை நாலா மடிச்சு வலது தோள் மேல போட்டேன். தலையைப் பின்னால சாய்ச்சு, நெத்தியில என் கையை அணை கட்டின மாதிரி வச்சு, ஒரு சொம்பு ஊத்தினேன். அவங்க அழ ஆரம்பிச்சாங்க. தண்ணி ஓடி முடிஞ்சதும் நிறுத்தலாம்னு பாத்தேன்.

"இன்னொரு சொம்பு"ன்னு கேட்டாங்க.

ஊத்தினேன்.

"இன்னும்"னு கேட்டாங்க.